‘என்னுடையதை அணைக்கவில்லையே’: பெங்களூரு விமானம் 605, ஒரு நிகழ்வு ஆய்வு

1990 பிப்ரவரி 14, மதியம் ஒரு மணி கடந்த நேரம். பம்பாயிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் 605 பெங்களூரின் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல வெளிச்சம், தெளிந்த வானம், எதிரே ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறது. எஞ்சின்கள் நன்றாக இருந்தன. அப்படியிருந்தும் விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் தரையைத் தொட்டு, எகிறி, மேட்டில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் 146 பேர். இறந்தவர்கள் 92 பேர்.

விமானம் ஏர்பஸ் ஏ320. அந்த ரகம் இந்தியாவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அதில் விமானியின் கைப்பிடிக்கும் இறக்கைக்கும் நடுவே கணினிகள் உட்கார்ந்திருக்கின்றன. விமானி கைப்பிடியை அசைப்பது ஒரு கோரிக்கை. அதை வாங்கி, யோசித்து, நிறைவேற்றுவது கணினி. விபத்துக்குப் பின் நாட்டில் எழுந்த வாதம் எதிர்பார்த்த இரண்டு பக்கங்களில்தான் போனது: விமானிகள் தவறு செய்தார்கள் என்பது ஒன்று, புதுப் பொம்மையை நம்பி மக்களை ஏற்றினார்கள் என்பது மற்றொன்று. அரசு ஏ320 விமானங்கள் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் தரையிலேயே நிறுத்தி வைத்தது. கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சிவசங்கர பட் தலைமையில் விசாரணை நடந்தது.

அந்தக் கடைசி நிமிடத்தை ஓர் உரையாடலாகப் படித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். விமானி அறையில் பேசிக்கொண்டிருந்தது மூன்று தரப்பு. இரண்டு மனிதர்கள், ஒரு இயந்திரம். மூவருமே மற்றவர் என்ன நினைக்கிறார் என்பதை ஊகித்துக்கொண்டிருந்தார்கள். ஊகம் எங்கே பிசகியது என்பது ஒலிப்பதிவில் ஏறக்குறைய வினாடி வாரியாகக் கிடைக்கிறது. இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கிடைப்பது அரிது என்பதால்தான் பழைய விபத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

வேலைப் பிரிவினை

கொஞ்சம் தொழில்நுட்பம் தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இறங்கும் விமானத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு: வேகமும் பாதையும். கைவசம் உள்ள கருவிகளும் இரண்டு: எஞ்சின் விசை, மூக்கின் சாய்வு. எந்தக் கருவி எதைக் கவனிப்பது என்பதை இரண்டு விதமாகப் பிரிக்கலாம்.

ஓடுபாதையை நெருங்கும்போது வழக்கமாக நடப்பது ‘ஸ்பீட்’ முறை. ஆட்டோ த்ரஸ்ட் எனப்படும் தானியங்கி, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைத்து வேகத்தைக் காக்கும். விமானி மூக்கை ஏற்றி இறக்கிப் பாதையைப் பார்த்துக்கொள்வார். இன்னொன்று ‘ஐடில் ஓபன் டிசென்ட்’. உயரத்திலிருந்து விரைவாகக் கீழே வருவதற்கான முறை இது. எஞ்சின் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும். வேகத்தைக் காப்பது மூக்கின் பொறுப்பு. வேகம் குறைந்தால் மூக்கைத் தாழ்த்த வேண்டும், அவ்வளவுதான். எஞ்சின் விசை தானாகக் கூடுவதே இல்லை.

இரண்டாவது முறையில் இருக்கும்போது விமானி முதல் முறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பாதைக்குக் கீழே போகிறோமே என்று கைப்பிடியை மெதுவாகப் பின்னால் இழுப்பார். மூக்கு உயரும். வேகம் குறையும். எஞ்சின் பார்த்துக்கொள்ளும் என்று அவர் இருப்பார். மூக்கு பார்த்துக்கொள்ளும் என்று எஞ்சின் இருக்கும். வேகத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

605-இல் நடந்தது இதுதான். காக்க வேண்டிய வேகம் 132 நாட் (நாட் என்பது விமான வேகத்தின் அலகு). கடைசியில் அதைவிட 25 நாட்டுக்கும் மேல் குறைந்துபோயிருந்தது.

மூன்று வாக்கியங்கள்

இடது இருக்கையில் இருந்தவர் இந்த ரக விமானத்தில் தலைமை விமானி ஆவதற்கான பரிசோதனைப் பறப்பில் இருந்தார். வலது இருக்கையில் இருந்தவர் அவரைப் பரிசோதிப்பவர். இருவரும் அனுபவம் மிக்க கேப்டன்கள். ஒருவர் பார்க்க, இன்னொருவர் ஓட்டுகிறார்.

இருவர் முன்னாலும் ஆளுக்கொரு திரை. திரையில் ‘ஃப்ளைட் டைரக்டர்’ என்ற வழிகாட்டி, பச்சைக் கோடுகளாக, மூக்கை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆளுக்கொரு வழிகாட்டி என்பதால் அணைக்கும் பொத்தானும் ஆளுக்கொன்று. இந்த வழிகாட்டிக்கும் ஆட்டோ த்ரஸ்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டு வழிகாட்டிகளையும் அணைத்துவிட்டால், ஆட்டோ த்ரஸ்ட் தானாக ஸ்பீட் முறைக்கு மாறிவிடும். ஒன்றை மட்டும் அணைத்தால் எதுவும் மாறாது.

தரை சில நூறு அடி கீழே இருக்கும்போது பரிசோதகர் கவனிக்கிறார்: இவ்வளவு நேரமும் ஐடில் ஓபன் டிசென்டில்தானே இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்கிறார். வழிகாட்டிகளை இப்போது அணைக்கட்டுமா என்றும் கேட்கிறார். ஆமாம், நான் ஏற்கெனவே அணைத்துவிட்டேன் என்கிறார் ஓட்டுபவர். அதற்குப் பரிசோதகர் சொன்னது: ஆனால் என்னுடையதை நீங்கள் அணைக்கவில்லையே.

இந்தப் பேச்சில் கோபமில்லை, பதற்றமில்லை. பாடம் நடத்தும் தொனி. பரிசோதகர் பிரச்சினையின் பெயரைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். தீர்வையும் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஓட்டுபவர் தன் பங்கைச் செய்து முடித்திருக்கிறார். இரண்டாவது பொத்தான் அணையாமல் இருப்பதும் தெரிந்துவிட்டது. தெரிந்ததற்கும் அது எவ்வளவு அவசரம் என்று புரிவதற்கும் நடுவில்தான் அந்த வினாடிகள் போயின.

ஓட்டுபவரின் ஊகத்தை நம்மால் எளிதில் பின்தொடர முடிகிறது. பொத்தானை அழுத்தினார். அவர் திரையிலிருந்து பச்சைக் கோடுகள் மறைந்தன. கேட்டது நடந்தது, ஆகவே அந்த முறையிலிருந்து வெளியே வந்தாயிற்று. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இயந்திரத்தின் ஊகமும் மடத்தனமானது அல்ல. ஒருவர் தன் கோடுகளை அணைத்திருக்கிறார், மற்றவர் அணைக்கவில்லை. அப்படியானால் ஒருவர் இன்னமும் வழிகாட்டலைப் பின்பற்றுகிறார். பின்பற்றுபவர் மூக்கைக் கொண்டு வேகத்தைக் காப்பார். எனவே எஞ்சினைச் சும்மா வைத்திருப்பதே சரி. ஓர் அறையில் அமர்ந்து வரைபலகையில் இந்த விதியை எழுதிய பொறியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பொத்தான் தவறுதலாகப் பட்டதற்கெல்லாம் முறை மாறினால் அது வேறு விபத்தில் கொண்டுபோய் விடும்.

இரண்டு நியாயமான ஊகங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். முரண்படுகிறோம் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளத்தான் வழியில்லாமல் இருந்தது.

கைக்கு எட்டாத செய்திகள்

பழைய விமானங்களில் தானியங்கி எஞ்சின் விசையை மாற்றும்போது விமானியின் கையருகே உள்ள லீவர்களும் கூடவே நகரும். பார்க்க வேண்டியதுகூட இல்லை. கை அங்கே இருந்தால் போதும், எஞ்சின் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். ஏ320-இல் தானியங்கி எஞ்சினை முழுதாகக் குறைத்தாலும் லீவர் ஒரே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அது நகராததில் எந்தச் செய்தியும் இல்லை.

கைப்பிடியும் அப்படியே. பழைய விமானத்தில் வேகம் குறையக் குறைய மூக்கைத் தூக்கிப் பிடிப்பது கனமாகும். தோள்பட்டைக்கே தெரியும். இங்கே கணினி சமன்படுத்திக்கொண்டே வரும். 130 நாட்டில் இருந்த லேசான பிடிதான் 110 நாட்டிலும் இருக்கும். இடது கைப்பிடி எவ்வளவு பின்னால் இழுக்கப்பட்டிருக்கிறது என்பது வலது பக்கத்தவருக்குத் தெரியாது, இரண்டு கைப்பிடிகளும் இணைக்கப்படவில்லை.

வேகம் திரையில் இருந்தது. எந்த முறையில் இருக்கிறோம் என்பதும் திரையின் மேல் விளிம்பில் எழுத்தில் இருந்தது. இதை மறைக்கக் கூடாது. விமானிகள் பார்த்திருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது உண்மைதான். ஆனால் வெளியே ஓடுபாதையைப் பார்த்து இறங்கும் மனிதன் கண்ணை வெளியே வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் கையாலும் காதாலும் உடம்பாலும் தெரிந்துகொள்கிறான். அந்த மூன்று வழிகளையும் அடைத்துவிட்டு எல்லாவற்றையும் கண்ணிடமே ஒப்படைத்தது வடிவமைப்பு. அதுவும் எழுத்தாக.

காதுக்கு வந்தது இயந்திரக் குரல்: நானூறு, முந்நூறு, இருநூறு. தரையிலிருந்து எத்தனை அடி என்ற அறிவிப்பு. இந்த அறிவிப்புகளுக்குப் பிறகும் நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து உடனே த்ரஸ்ட் லீவரைத் தள்ளாமல் விட்டதுதான் விபத்துக்குக் காரணம் என்பது விசாரணையின் முடிவு. இதில்தான் எனக்கு ஒப்புதல் குறைவு. ‘நானூறு’ என்ற அறிவிப்பு நல்லபடியாக இறங்கும் ஒவ்வொரு விமானத்திலும் வருகிறது. அதே குரல், அதே தொனி. ஆயிரம் முறை நல்ல சகுனமாகக் கேட்ட சொல் ஆயிரத்தோராவது முறை ஆபத்தைக் குறிக்கிறது என்று எதை வைத்து உணர்வது? ஒரு சக விமானி அதே எண்ணைச் சொல்லியிருந்தால் குரல் கொஞ்சம் ஏறியிருக்கும், அல்லது ஒரு நொடி முன்னதாக வந்திருக்கும், அல்லது பின்னால் ஒரு ‘என்னங்க’ சேர்ந்திருக்கும். எச்சரிக்கை அதில்தான் இருக்கிறது, எண்ணில் இல்லை.

எண்ணைத் தாண்டிய எச்சரிக்கையும் கடைசி வினாடிகளில் வந்தது. விமானத்தின் தற்காப்பு ஏற்பாடும் விழித்துக்கொண்டு எஞ்சினுக்கு முழு விசை கேட்டது. விமானிகளும் தள்ளினார்கள். வெறுமனே சுழலும் ஜெட் எஞ்சின் முழு விசைக்கு வரச் சில வினாடிகள் வேண்டும். அவை இருக்கவில்லை.

எழுநூறு

விமானம் ஓடுபாதைக்கு இவ்வளவு அருகில் ஓபன் டிசென்டுக்கு எப்படிப் போனது? அதை உறுதியாகக் கண்டறிய முடியவில்லை என்றே விசாரணை முடித்தது. ஆனால் அங்கே அதிகம் பேசப்பட்ட ஓர் ஊகம் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும்.

முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் குமிழ்கள் வரிசையாக இருக்கின்றன. உயரத்துக்கு ஒரு குமிழ். பக்கத்திலேயே இறக்க வீதத்துக்கு ஒரு குமிழ். இரண்டையும் திருகலாம், இழுக்கலாம். ஓட்டுபவர் நிமிடத்துக்கு 700 அடி இறக்க வீதம் கேட்டிருக்கிறார். பரிசோதகரின் கை பக்கத்துக் குமிழுக்குப் போய், உயரம் 700 அடி என்று வைத்து இழுத்திருக்கலாம். உயரக் குமிழை இழுத்தால் கிடைப்பது ஓபன் டிசென்ட்.

அப்படித்தான் நடந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பெங்களூரு விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,900 அடியில் இருக்கிறது. 700 அடிக்கு இறங்கு என்பது, தரைக்குள் இரண்டாயிரம் அடி துளைத்துக்கொண்டு போ என்பதற்குச் சமம். எந்த மனிதனிடம் சொல்லியிருந்தாலும் “எழுநூறா?” என்று ஒரு திருப்பிக் கேள்வி வந்திருக்கும். அல்லது கேள்விகூட இல்லாமல், சார் இறக்க வீதத்தைத்தான் சொல்கிறார் என்று தானே திருத்திக்கொண்டிருப்பான். இயந்திரம் 700 என்ற எண்ணை மரியாதையாக வாங்கிக்கொண்டது. எதற்கு 700, எங்கே 700 என்பது அதன் உலகத்தில் இல்லை.

மனிதர்கள் எப்படிச் சமாளிக்கிறோம்

தத்துவவாதி பால் கிரைஸ் 1967-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் ஒரு விஷயத்தை எடுத்து வைத்தார். பேச்சில் சொல்லப்படுவது கொஞ்சம், உணர்த்தப்படுவது நிறைய. எதிராளி ஒத்துழைக்கிறார், தேவையான அளவு சொல்கிறார், பொருத்தமானதைச் சொல்கிறார் என்று கேட்பவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்வதால்தான் அந்த மிச்சம் விளங்குகிறது. நம் ஊர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் டிரைவர் நிறுத்துகிறார். நிறுத்தத்தில் நிற்கும்போதே இன்னொரு ஒற்றை விசில் வந்தால், யாரோ பாட்டி படியில் கால் வைத்திருக்கிறார் என்று கிளம்பாமல் இருக்கிறார். ஒரே ஒலி, இரண்டு அர்த்தம். டிரைவருக்கு முன் கண்ணாடி இருக்கிறது, வண்டியின் குலுங்கல் தெரிகிறது, கண்டக்டரைப் பல வருடமாகத் தெரியும். விசில் அதன் மேல் வைத்த ஒரு புள்ளிதான்.

இயந்திரத்திடம் பேசும்போதும் இந்தப் பழக்கத்தை நாம் கழற்றி வைப்பதில்லை. வைக்கவும் முடியாது. ஒத்துழைக்கும் ஒரு கேட்பாளி எதிரே இருப்பதாகவே நடந்துகொள்கிறோம்.

இதை முதலில் நெருக்கமாகப் பார்த்துப் பதிவுசெய்தவர் மானுடவியலாளர் லூசி சச்மன். 1980-களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் அவர் எடுத்துக்கொண்டது ஒரு நகல் இயந்திரம். அது சாதாரண இயந்திரம் அல்ல, பயன்படுத்துபவரின் நோக்கத்தை ஊகித்து அடுத்த படியைத் திரையில் சொல்லும் ‘அறிவுள்ள’ உதவியாளர் இணைந்தது. அதன் முன் இருவர் இருவராக நிறுத்தினார். தனியாள் மனதுக்குள் நினைப்பான். இருவர் என்றால் வாய்விட்டுப் பேசுவார்கள் அல்லவா? வீடியோ எடுத்து, நடந்ததை அட்டவணை போலப் பக்கம் பக்கமாக நிற்கும் நான்கு பத்திகளில் (நெடுவரிசைகளில்) பிரித்து எழுதினார். பயனர்கள் செய்ததில் இயந்திரத்துக்குத் தெரியாதது ஒரு பத்தி, தெரிந்தது அடுத்தது. இயந்திரம் செய்ததில் பயனர் கண்ணில் பட்டது மூன்றாவது. அதற்குப் பின்னால் இருந்த வடிவமைப்புக் காரணம் நான்காவது.

முதல் பத்தி பக்கம் பக்கமாக நிரம்பியது. இரண்டாவதில் வரிக்கு ஒரு பொத்தான், மூடி திறந்தது, மூடி மூடியது, அவ்வளவே. அந்தச் சாவித்துவாரம் வழியே எட்டிப் பார்த்துத்தான் இயந்திரம் நோக்கத்தை ஊகித்துக்கொண்டிருந்தது. ஒரே அறிவுறுத்தல் திரையில் இரண்டாம் முறை வந்தால் பயனர்கள் குழம்பினார்கள். அடுத்த பக்கத்துக்கு இதையே செய் என்கிறதா, செய்தது தப்பு மறுபடி செய் என்கிறதா? மனிதர் சொல்லியிருந்தால் தொனியே பிரித்துக் காட்டியிருக்கும். இயந்திரம் முதல் பொருளில் சொன்னதை அவர்கள் இரண்டாம் பொருளில் எடுத்துக்கொண்டு சரியாகச் செய்ததையே திருத்தத் தொடங்கினார்கள்.

அந்த நான்கு பத்திகளில் 605-ஐ எழுதிப் பாருங்கள். முதலாவதில்: ஓடுபாதை தெரிகிறது, இது பரிசோதனைப் பறப்பு, ஐடில் ஓபன் டிசென்டில் இருக்கிறோம் என்று ஒருவர் வாய்விட்டே சொல்லிவிட்டார், அணைப்போம் என்று இருவரும் ஒப்புக்கொண்டாயிற்று. அத்தனையும் இயந்திரத்தின் காதில் விழாதவை. இரண்டாவதில்: ஒரு பொத்தான் அணைந்தது, இன்னொன்று அணையவில்லை, இடது கைப்பிடி பின்னோக்கி இழுபடுகிறது. மூன்றாவதில்: திரை மேல் சில எழுத்துகள், ஏறி இறங்கும் எண்கள், ‘முந்நூறு’ என்ற குரல். நான்காவதில் ஒரே வரி: வலது வழிகாட்டி எரிகிறது, ஆகவே முறை தொடரும். முறையின் பெயர் திரையில் எழுத்தாக இருந்தது, ஆனால் அந்த ‘ஆகவே’ மூன்றாவது பத்திக்கு வரவில்லை. இரண்டும் அணையாததால் எஞ்சின் இன்னும் சும்மாதான் இருக்கிறது என்று அந்தத் திரை எங்கேயாவது ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால்? இயந்திரத்துக்கு அந்தத் தகவல் தெரியும். சொல்ல வேண்டிய தகவல் என்றுதான் தெரியாது.

ஸ்ட்ராஸ்பர்க்

இரண்டாண்டு கழித்து, 1992 ஜனவரி 20 இரவு, லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் போன ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏ320 பிரான்சின் வோஜ் மலைத்தொடரில் மோதியது. 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். அங்கே ஒரே குமிழுக்கு இரண்டு வேலை. ஒரு முறையில் அது சாய்வுக் கோணம், மற்றதில் இறக்க வீதம். கோணம் 3.3 பாகை என்று வைத்தால், வைத்த எண்ணைக் காட்டும் சிறு சன்னலில் -3.3 என்று தெரியும். நிமிடத்துக்கு 3,300 அடி என்று வைத்தால் -33 என்று தெரியும். ஒரு புள்ளிதான் வித்தியாசம். கோணம் வைத்திருப்பதாக விமானிகள் நினைத்திருக்க, விமானம் 3,300 அடி வீதத்தில் இறங்கியது என்பதே விசாரணையாளர்கள் மிகவும் சாத்தியமாகக் கருதிய விளக்கங்களில் ஒன்று. பிற்பாடு அந்தச் சன்னலில் இறக்க வீதம் நான்கு இலக்கமாக, -3300 என்று காட்டும்படி மாற்றினார்கள்.

இந்தத் திருத்தம் எனக்குப் பிடிக்கும். பயிற்சியைக் கூட்டு, விமானியைத் திட்டு என்று போகாமல், இயந்திரம் புரிந்துகொண்டதை மனிதன் தவறாகப் படிக்க முடியாதபடி எழுதச் சொல்கிறது. 605-க்கு இப்படி ஓர் எளிய திருத்தம் கிடைக்கவில்லை. அங்கே பிரச்சினை ஒரு சன்னலில் இல்லாமல், எதுவும் எழுதப்படாத இடத்தில் இருந்தது.

பிறகு வந்த பேச்சு

1989-லேயே எர்ல் வீனர் என்ற ஆய்வாளர், கண்ணாடித் திரை விமானங்களில் (முள் கருவிகளுக்குப் பதில் கணினித் திரைகள் உள்ளவை) விமானிகள் அதிகம் கேட்டுக்கொள்ளும் கேள்விகளை எழுதி வைத்திருந்தார்: இது என்ன செய்கிறது, ஏன் இப்படிச் செய்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறது. நடீன் சார்ட்டரும் டேவிட் வுட்ஸும் தொண்ணூறுகளில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, தானியங்கி சொந்தமாக நிறைய முடிவெடுத்துக்கொண்டு அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதுதான் சிக்கல் என்றார்கள். டொனால்ட் நார்மன் 1990-இல் எழுதியதும் ஏறத்தாழ அதே: கெடுதல் தானியங்கி அதிகமானதில் இல்லை, அது போதிய மறுமொழி தராததில்.

விமானிகள் தரப்பில் வந்த மாற்றம் நடைமுறை. திரையின் மேல் விளிம்பில் எழுத்து மாறும் ஒவ்வொரு முறையும் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று நிறுவனங்கள் கற்றுத்தருகின்றன. கட்டுப்பாட்டு அறை சொன்னதை விமானி திருப்பிச் சொல்வது பல காலமாக இருக்கும் வழக்கம். இங்கே இயந்திரத்துக்காக மனிதனே திருப்பிச் சொல்கிறான், இரண்டு பேருக்கும் சேர்த்து. வழிகாட்டிகளை அணைப்பதென்றால் இரண்டையும் சேர்த்தே அணைப்பது என்பதும் வழக்கமாகிவிட்டது.

இன்றைய உரையாடல் இயந்திரங்களைப் பார்த்தால் சாவித்துவாரம் கதவாகிவிட்டது போலத் தோன்றும். நாம் தமிழில் எழுதுகிறோம், அது தமிழில் பதில் தருகிறது, அரைகுறையாகக் கேட்டாலும் நோக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. 700 என்று சொன்னால் “இறக்க வீதமா, உயரமா?” என்று கேட்கக்கூடியவை இவை. ஆனால் நம் பக்கத்து ஊகமும் அதே வேகத்தில் பெருத்துவிட்டது. சரளமாகப் பேசுபவருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். ஏர் கனடாவின் இணையதள உரையாடல் இயந்திரம், உறவினர் இறப்புக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டு வாங்கலாம் என்று ஒரு பயணியிடம் சொன்னது. நிறுவனத்தின் விதி அப்படியில்லை. வழக்கில் நிறுவனம், அந்த இயந்திரம் சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்ற அளவுக்கு வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்தது. நிறுவனத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரில் பேசும் குரல் நிறுவனத்தின் குரல்தான் என்று பயணி ஊகித்தது நியாயமே. பெங்களூரில் இயந்திரம் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இங்கே சொல்லக்கூடாததைச் சொன்னது. இரண்டிலும் கேட்டவர் தன் பங்கு ஊகத்தை ஒழுங்காகவே செய்தார்.

அணையாத பொத்தானுக்குத் திரும்புவோம். 605-இன் இயந்திரத்திடம் ஒரு தடயம் இருந்தது. அணையாமல் இருந்த வலது வழிகாட்டி மூக்கைத் தாழ்த்தச் சொல்லிக்கொண்டிருக்க, இடது கைப்பிடி மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. பேச்சுக்குக் காது இல்லாவிட்டாலும் கைப்பிடி அதன் கையில்தான் இருந்தது. யாரும் தன் வழிகாட்டலைப் பின்பற்றவில்லை என்பதை அந்த இழுப்பிலிருந்து அது தெரிந்துகொண்டிருக்கலாம். அப்படி யோசிக்க அதற்கு யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை.

இதே ரக விமானங்களின் பிந்தைய கணினிகளில் அது சேர்ந்திருக்கிறது. எஞ்சின் சும்மா சுழலும் முறையில் இறங்கும்போது, விமானி பச்சைக் கோடுகளைப் பின்பற்றாமல் வேகம் குறைந்துகொண்டே வந்து, தேர்ந்தெடுக்கக்கூடிய மிகக் குறைந்த வேகத்துக்கும் 2 நாட் கீழே போனால், கணினி கோடுகளைத் தானே அழித்துவிடுகிறது. ஆட்டோ த்ரஸ்ட் ஸ்பீட் முறைக்குத் திரும்புகிறது. எந்தப் பொத்தானையும் யாரும் தொட வேண்டியதில்லை.